யார் ஊருக்குப் பகைவன்?

ஊர்த் தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னால், ஊரே அவருக்கு மாலை போடும் என்றுதானே நினைப்போம்? நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் அப்படி நினைக்கவில்லை. 1882இல் அவர் எழுதிய 'மக்களின் பகைவன்' நாடகத்தைப் படித்துப் பாருங்கள்.

சின்ன ஊர் அது. அங்குள்ள நீராடு நிலையத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களால்தான் ஊருக்கு வருமானம். தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவு அந்த நீரில் கலப்பதை டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். குழாய்களை மாற்றப் பெரும் பணம் வேண்டும். நிலையத்தை இரண்டு ஆண்டுகள் மூட வேண்டும். மேயர் அவருடைய சொந்த அண்ணன்தான். அவரே உண்மையை மூடி மறைக்கச் சொல்கிறார். முதலில் கைகொடுத்த பத்திரிகைக்காரர்களும், செலவு மக்கள் தலையில் விழும் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார்கள். கடைசியில் பொதுக்கூட்டத்தில், டாக்டரையே மக்களின் பகைவன் என்று முடிவு கட்டுகிறார்கள்.

இலக்கியத்தில் இயற்கை எப்படி நடத்தப்படுகிறது என்று ஆராய்வதற்குச் 'சூழலியல் திறனாய்வு' என்று இன்று பெயர். அந்தத் துறை பிறப்பதற்குப் பல காலம் முன்பே இப்சன் அதன் மையக் கேள்வியைக் கேட்டுவிட்டார்: உண்மைக்கான செலவை யார் ஏற்பது? சத்யஜித் ராய் 1989இல் இதே கதையை 'கணசத்ரு' என்ற வங்காளப் படமாக்கினார். அதில் கெட்டுப்போவது கோயில் தீர்த்தம்!

நமக்கு நார்வேயும் வேண்டாம், வங்காளமும் வேண்டாம். பாலத்தைத் தாண்டினால் கோலா ஜூரு. 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து, மீனவர்களின் பிழைப்பு பாழானது. எஸ்.எம். முகமட் இட்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. தொழிற்சாலை என்றாலே முன்னேற்றம் என்று நாடு நம்பிய காலம் அது. அப்போது இப்படிப் பேசியவர்களுக்கு, வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்ற பெயர் எளிதாகக் கிடைத்துவிடும்.

ஆனால் இரண்டு கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்டாக்மன் கோபத்தில் மக்களையே மூடர்கள் என்று திட்டி, தனித்து நிற்பதிலேயே வலிமை காண்கிறார். கோலா ஜூரு மீனவர்கள் தனித்து நிற்கவில்லை. ஒன்றுகூடிப் பேசினார்கள், கூட்டாகச் சேர்ந்து கெராங் வளர்த்தார்கள். ஆம், நம் சார் குவே தியாவ் தட்டில் கிடக்கும் அதே கெராங்தான்!

அதனால், உங்கள் வட்டாரத்தில் யாராவது "இந்த வாய்க்கால் நாறுகிறது, வாருங்கள், புகார் கொடுப்போம்" என்று கதவைத் தட்டினால், "உனக்கு ஏன் இந்த வம்பு?" என்று கேட்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போய்ப் பாருங்கள். இரண்டாவது ஆள் வந்துவிட்டால், முதல் ஆளை யாரும் அவ்வளவு எளிதில் பகைவன் ஆக்கிவிட முடியாது.