சிப்புக்குள் பூட்டிய தரவு: சாவி யாரிடம்?

எங்கள் பாடசாலையின் மடிக்கணினி ஒன்று முதலாம் தவணை முடியும் நேரத்தில் பழுதடைந்தது. திருத்துபவர் மதர்போர்டை மாற்றித் தந்தார். இயக்கியதும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. எங்களில் எவரிடமும் அது இருக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில், அந்தக் கணினியை முதன்முதலில் திறந்து தனது சொந்த மைக்ரோசொப்ட் கணக்கினால் ஆரம்பித்தவர் இரண்டு வருடங்களுக்கு முன் இடமாற்றம் பெற்றுச் சென்ற ஆசிரியர் என்று தெரிந்தது. சாவி அவரது கணக்கில்தான் இருக்கிறது. அவருக்கோ கடவுச்சொல் மறந்துவிட்டது, தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. பதினோராம் தரப் பிள்ளைகளின் புள்ளிகள், அடையாள அட்டை விண்ணப்பத்துக்காகத் திரட்டிய பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகள் எல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. இருந்தும் இல்லை.

யாரும் களவெடுக்கவில்லை, வைரஸும் இல்லை. பாதுகாப்பு சிப் தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது, அவ்வளவுதான்.

டீ.பி.எம். என்று அழைக்கப்படும் இந்தச் சிறிய சிப் இப்போது பெரும்பாலான புதிய கணினிகளில் இருக்கிறது. விண்டோஸ் 11க்கு அதன் 2.0 பதிப்பு கட்டாயம். வன்தட்டில் உள்ளவற்றை மறைகுறியாக்கிய சாவியை அது தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். கணினி ஆரம்பிக்கும்போது எல்லாம் முன்பிருந்தபடியே இருந்தால் மட்டும் சாவியை விடுவிக்கும். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் ஒன்றும் வாசிக்க முடியாது. மதர்போர்ட் மாறினால் சிப்பும் மாறிவிடும், பழைய சாவி அதனோடு போய்விடும். நமது சிம் அட்டையும் இந்த இனம்தான். பின் இலக்கத்தை மூன்று தரம் பிழையாக அடித்தால் பி.யூ.கே. கேட்கும். அதையும் பத்துத் தரம் பிழைத்தால் அந்த சிம் குப்பைக்குத்தான்.

ஆகவே இப்படியான சிப்பை அமைக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, மீட்புச் சாவி யாரிடம், எத்தனை இடங்களில் இருக்கும் என்பதே. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள்கூட இதே 48 இலக்கங்களைத் தேடித் திரிந்தார்கள்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் எங்கள் மடிக்கணினி மட்டுமல்ல. இந்திய மானியத்துடன் நமது நாட்டில் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. முகம், கைரேகை, கண்ணின் கருவிழிப் பதிவு ஆகியவை பெறப்படவுள்ளன. நமது ஊர்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ‘இந்தியாவுக்குத் தரவு போகுமா’ என்பதோடு நின்றுவிடுகிறது. அது நியாயமான கேள்விதான். ஆனால் வெளிநாட்டுக்கு ஒரு துளியும் போகாமலே தரவு கெட்டுப்போகலாம். 2023இல் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. காலாவதியான மென்பொருள் ஒரு பக்கம், தனியாக எடுத்து வைத்த காப்புப் பிரதி இல்லாமை மறுபக்கம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன.

மின்னஞ்சலை மறுபடி அனுப்பலாம். கடவுச்சொல்லை மாற்றலாம். கைரேகையை என்ன செய்வது?

நமது பழைய அடையாள அட்டை இலக்கமே நிறையச் சொல்லிவிடும். பிறந்த வருடம், வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. அதைக் கொமியூனிகேஷனில் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நாம். பிரதி எடுத்த பென் டிரைவை அங்கேயே மறந்துவிட்டு வந்தவன் நான்.

சிப் இருந்தால் எல்லாம் சரி என்பவர்களுக்கு எஸ்தோனியாவைக் காட்டலாம். அடையாள அட்டையில் உலகத்துக்கே முன்னோடியான நாடு. 2017இல் அவர்களுடைய அட்டைகளில் இருந்த சிப் சாவிகளை உருவாக்கும் முறையில் குறை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அந்த அரசு விஷயத்தைப் பகிரங்கமாகச் சொல்லி, நவம்பரில் சான்றிதழ்களை இடைநிறுத்தி, மக்கள் வீட்டிலிருந்தே புதுப்பிக்க வழிசெய்தது. நமது நாட்டில் அப்படி ஒரு குறை வெளிப்பட்டால் அதை முதலில் யார் நமக்குச் சொல்வார்கள்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. தரவு சேர்க்கும் வேகத்துக்குச் சட்டத்தின் வேகம் ஈடுகொடுக்கவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

தேசியத் தரவுத்தளத்தின் தலைமைச் சாவியை ஒரு அதிகாரியின் கையிலோ, ஒரு கம்பனியின் கையிலோ விடக்கூடாது. இதற்கு நாம் புதிதாக வழி கண்டுபிடிக்கத் தேவையில்லை. இணையத்தின் பெயர்த் தொகுதியைக் காக்கும் தலைமைச் சாவி 2010 முதல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் பாதுகாப்புப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. ஓரிடத்துக்கு ஏழு பேர் பொறுப்பாளர்கள், குறைந்தது மூவர் நேரில் வந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். அந்த நிகழ்வை எவரும் நேரலையில் பார்க்கலாம். இலங்கையில் அந்த ஏழு பேர் யார், அவர்களை நியமிப்பது யார் என்று நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் சபையில் கேட்க வேண்டும். மேடையில் இந்தியாவைத் திட்டுவது அதைவிட இலேசு.

எங்கள் பாடசாலையில் இப்போது புதிய மடிக்கணினியைப் பாடசாலையின் பெயரிலுள்ள கணக்கில் ஆரம்பித்திருக்கிறோம். 48 இலக்கங்களையும் கடதாசியில் எழுதி, ஒன்றைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தோடு அதிபரின் இரும்பு அலுமாரியில் வைத்தோம். இன்னொன்று உறையில் ஒட்டப்பட்டு பிரதி அதிபரிடம் இருக்கிறது. பழைய மடிக்கணினி இன்னும் பூட்டியபடியே கிடக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களை மறுபடி கேட்டு வீடுகளுக்குச் சொல்லி அனுப்பியபோது ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார்: “போன மாசந்தானே தந்த ஸேர், அதுக்கு என்ன நடந்த?”