லாக் புத்தகம் ஏன் காலி?

"எந்த ஊரும்மா நீ?" என்று நோயாளியின் உறவினர் கேட்கிறார். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பது அடுத்த கேள்வி. பதில் தெரிந்ததும் வார்டு சிஸ்டரிடம் போய், "வேற பொண்ணை அனுப்புங்க" என்கிறார். சிஸ்டரும் அனுப்புகிறார். வார்டில் சண்டை வேண்டாமாம்.

நாங்கள் சந்தித்த ஒரு நர்சிங் மாணவிக்கு கிளினிக்கல் போஸ்டிங்கில் நடந்தது இது. அதன்பின் அந்த போஸ்டிங் முழுக்க அவருக்குக் கிடைத்தது பெட்பேன் வைப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும்தான். அந்த வேலையை இழிவு என்று நாங்கள் சொல்லவில்லை. நோயாளியின் மலத்தைத் துடைப்பதும் செவிலியர் பணிதான். ஆனால் எல்லோரும் முறைபோட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. எப்போதும் ஒரே பெண்ணிடம் தள்ளினால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, குலத்தொழில்.

எத்தனை ஊசி, எத்தனை டிரெஸ்ஸிங் என்று லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வேண்டும். ஊசியைத் தொட விடாதவர்களே, "உன் புத்தகம் மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்கிறார்கள். தீட்டு இப்படித்தான் மதிப்பெண்ணாக மாறுகிறது. பிறகு, "கோட்டாவில வந்ததுங்க, வேலை தெரியாது" என்ற பேச்சு வேறு.

டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் சாதி விசாரிக்கப்படுவதாக மாணவர்கள் சொன்னதை 2007-லேயே பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வியை இழந்தோம். சீனியர்கள் சாதியைச் சொல்லி வதைத்தார்கள் என்று அவர் குடும்பம் புகார் சொன்னது.

இந்த மாணவியின் கல்லூரி என்ன செய்தது? மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு நடத்தியது. மூச்சுப் பயிற்சியாம்! அவருக்கு மூச்சு நன்றாகத்தான் வருகிறது ஐயா, வராதது கையெழுத்து.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்பார்கள். யாரிடம்? புகாரை வாங்குபவரும் இன்டெர்னல் மார்க் போடுபவரும் ஒருவரே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. மார்க்குக்குப் பயந்து நிற்கிற பிள்ளை காவல் நிலையப் படி ஏறுமா?

வார்டில் யாருக்கு என்ன வேலை என்று வாரந்தோறும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மார்க் போடும் அதிகாரம் இல்லாத ஒருவர் மாதம் ஒருமுறை எல்லா லாக் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கட்டும். "வேற பொண்ணை அனுப்புங்க" என்று வருபவரிடம், "இன்னைக்கு இவங்கதான் டூட்டி" என்று சிஸ்டர் சொல்லட்டும். அதற்குக் காசு செலவில்லை.

அந்தத் தங்கைக்கு அடுத்து பிரசவ வார்டு. போஸ்டிங் தொடங்கும் முன்பே நாங்கள் முதல்வரைப் பார்க்கப் போகிறோம்.