ஆள் மாறினால் பேண்டு செத்துவிடுமா?

அண்டர்ஓத் பெயரை எடுத்தால் போதும், எங்கிருந்தாவது ஒருத்தர் குதித்து வந்து "அந்த பேண்டு எப்பவோ செத்துப் போச்சுப்பா" என்பார். எப்போது என்று கேட்டால்தான் வேடிக்கை. டல்லாஸ் டெய்லர் ரசிகருக்கு 2003ல் செத்தது. ஏரன் கில்லெஸ்பி ரசிகருக்கு 2010ல். பக்தி ரசிகருக்கு 2018ல். இப்படி மூன்று முறை கருமாதி ஆன பேண்டு 2025லும் ஆல்பம் போட்டிருக்கிறது :-)

தெரியாதவர்களுக்கு... 1997ல் ஃப்ளோரிடாவின் ஒகாலாவில் ஆரம்பித்த கும்பல் இது. வகை, போஸ்ட்-ஹார்ட்கோர். ஒருத்தர் தொண்டை கிழியக் கத்துவார், இன்னொருத்தர் இனிமையாகப் பாடுவார். இங்கே அந்த இனிமைக் குரல் ஏரனுடையது, அதுவும் டிரம்ஸ் அடித்துக்கொண்டே.

சரி, மேட்டருக்கு வருவோம். "ஆள் மாறினதால்தான் சவுண்டு மாறிச்சு" என்பதுதான் இவர்களின் ஒரே வாதம். 2003ல் வார்ப்ட் டூர் சமயத்தில் டல்லாஸ் விலகினார், ஸ்பென்சர் சேம்பர்லின் வந்தார், 2004ல் 'தேர் ஒன்லி சேஸிங் சேஃப்டி' வந்தது. பழைய மெட்டல் முரட்டுத்தனம் போய், கூடவே பாட வைக்கும் கோரஸ்கள். "பாத்தியா, புது ஆள் வந்து கெடுத்துட்டான்!"

கொஞ்சம் பொறுங்கள். 2002ல் வந்த 'தி சேஞ்சிங் ஆஃப் டைம்ஸ்' ஆல்பத்தில் கத்துவது டல்லாஸ்தான். அதிலேயே கீபோர்டும் ஏரனின் மெலடியும் உள்ளே வந்துவிட்டன. 2000ல் வந்த 'க்ரைஸ் ஆஃப் தி பாஸ்ட்'டின் நீள நீளமான மெட்டல் பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பாதி மாற்றம் டல்லாஸ் இருக்கும்போதே நடந்தது புரியும். பழியை மட்டும் ஸ்பென்சர் தலையில் கட்டியாகிவிட்டது, பாவம்.

இதைவிடப் பெரிய ஓட்டை அடுத்து வருகிறது. 2004 ஆல்பத்தில் இருந்த ஆறு பேர்: ஸ்பென்சர், ஏரன், டிம் மெக்டேக், ஜேம்ஸ் ஸ்மித், கிராண்ட் பிராண்டெல், கிறிஸ் டட்லி. அதே ஆறு பேர்தான் 2006ல் 'டிஃபைன் தி கிரேட் லைன்' போட்டார்கள். ஒரு ஆள் மாறவில்லை. ஆனால் சவுண்டு தலைகீழ்! காசு கொட்டிய அந்தச் சர்க்கரைக் கோரஸை அவர்களே கழற்றிப் போட்டுவிட்டு இருட்டும் கனமுமாக ஒன்றைச் செய்தார்கள். அது பில்போர்டு 200ல் இரண்டாவது இடத்தில் நுழைந்தது. ஆள் மாறினால்தான் சவுண்டு மாறும் என்றால் இதற்கு யார் காரணம்?

அந்த "பொற்கால" ஆறு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஆல்பம் ஹிட்டான அதே 2006 கோடையில் வார்ப்ட் டூரைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பேண்டு உடையும் நிலை. அந்தக் காலத்தில் போதைக்கு அடிமையாக இருந்ததை ஸ்பென்சர் பிற்பாடு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருக்கும் போட்டோவுக்குள் ஒருத்தர் மூழ்கிக்கொண்டிருந்தார். அந்த போட்டோ அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்பது பாசமா, பிடிவாதமா?

2010ல் ஏரன் போனார். முதல் ஆல்பத்திலிருந்து மிச்சமிருந்த கடைசி ஆள். நார்மா ஜீனில் இருந்த டேனியல் டேவிசன் டிரம்ஸுக்கு வந்தார். இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வருட 'டிஸ்ஆம்பிகுவேஷன்' ஆல்பத்தில் இரண்டு குரல்களின் இழுபறி இல்லை. கத்துவதும் பாடுவதும் ஸ்பென்சரே. இழப்புதான். ஆனால் இழப்பு வேறு, சாவு வேறு. கூட்டாண்மைக் கணக்கில் ஒரு கூட்டாளி விலகினால் நற்பெயரில் அவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் கடையைத் திறக்கிறார்கள். பந்தல் போட்டு ஒப்பாரி வைப்பதில்லை. (பி.காம் மக்கள் மன்னிக்கவும், பரீட்சை நேரத்தில் ஞாபகப்படுத்தியதற்கு.)

2013 ஜனவரியில் கடையை மூடினார்கள். 2015ல் ஏரனோடு திரும்பி வந்தார்கள். அதே ஆறு பேர்! ரசிகர்கள் கேட்டது அப்படியே கிடைத்தது. 2018ல் அந்த ஆறு பேர் கொடுத்ததோ 'இரேஸ் மீ'. எலக்ட்ரானிக் ஓசை, ரேடியோவுக்கு ஏற்ற கோரஸ். கிறிஸ்தவ பேண்டு என்ற முத்திரையும் போனது, 'ஆன் மை டீத்' பாட்டில் கெட்ட வார்த்தையும் வந்தது. "பழைய ஆளுங்க வேணும்" என்று அழுதவர்களே இப்போது "இது பழைய பேண்டு இல்லை" என்றார்கள். அந்தப் பாட்டு 2019 கிராமியில் மெட்டல் பிரிவில் பரிந்துரை ஆனது தனிக்கதை.

'இரேஸ் மீ'யில் சுமாரான பாட்டுகள் உண்டு, தாராளமாகத் திட்டலாம். ஆனால் பாட்டைக் கேட்டுத் திட்ட வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் திட்டக் கூடாது.

2023ல் கிடாரிஸ்ட் ஜேம்ஸ் ஸ்மித்தும் பிரிந்தார். ஆக நாலாவது சாவுத் தேதியும் ரெடி. மிச்ச ஐந்து பேரின் ஆல்பம் 'தி பிளேஸ் ஆஃப்டர் திஸ் ஒன்' 2025 மார்ச்சில் வந்தது. ஒப்பாரிக் கோஷ்டி அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட்டு சண்டைக்கு வரட்டும்.