மேடையில் யாரை ஏற்றுவது?

சென்ற மாதம் நடந்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. பொங்கல் விழாவையொட்டி மெல்லிசை நிகழ்ச்சி ஒன்று நடத்தி, சேரும் தொகையை மனநோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுப்பது. அதே மேடையில், குணமடைந்தவர்கள் நாலு பேரை வரவழைத்துப் பொன்னாடை போர்த்துவது. முதல் பாதிக்கு நானும் கை தூக்கினேன். இரண்டாம் பாதிக்குத் தூக்காதவன் நான் ஒருவன்தான். "ரயில்வேக்காரர், எதற்கும் சிவப்புக் கொடிதான் காட்டுவார்" என்று நண்பர் ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாததை எழுதிவிடலாம் என்று ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

விழாவே கூடாது என்பவன் அல்ல நான். நமக்குப் பக்கத்திலேயே கர்ஜத்தில் இருக்கிறது ஷ்ரத்தா மறுவாழ்வு நிறுவனம். மனநல மருத்துவர்களான டாக்டர் பரத் வாட்வானியும் அவர் மனைவி டாக்டர் ஸ்மிதாவும் 1988-இல் மும்பையில் தொடங்கியது. ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, வெளியே தெருவில் ஓர் இளைஞன் கொட்டாங்கச்சியால் சாக்கடைத் தண்ணீரை மொண்டு குடிப்பதை இருவரும் பார்த்தார்கள். அழைத்துப்போய் வைத்தியம் செய்தார்கள். தெளிந்த பிறகு விசாரித்தால், ஆந்திராவைச் சேர்ந்த பி.எஸ்ஸி. பட்டதாரி! தெருவில் திரிகிறவர்களைக் கூட்டிவந்து, குணப்படுத்தி, ஊர் விசாரித்து, வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு ஒருமுறை அவர்கள் தெருவிலிருந்து மீட்டவர் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அதை அறிந்த ஓவியர்கள் தங்கள் படங்களைக் கொடுத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அந்தப் பணம் தஹிசரில் ஒரு சிறு இல்லம் அமைய உதவியது. 2006-இல் கர்ஜத் இல்லம் வந்தது. 2018-இல் வாட்வானிக்கு மகசேசே விருது கிடைத்தது. ஓவியர்கள் தங்களிடம் எது இருந்ததோ அதைக் கொடுத்தார்கள். இதைப் பிறகு மறுபடி சொல்கிறேன்.

என்னைக் கை தூக்க விடாமல் செய்தது வேறொரு விழா. 2019-இல் மும்பையில் ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றவே இருபது நிமிஷம் ஆயிற்று, ஆளுக்கொரு திரி. பிறகு அட்டையில் செய்த காசோலை வந்தது. ரயில்பெட்டிக் கதவு அகலம் இருக்கும், இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதற்கப்புறம் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு படம் போட்டார்கள். சடை பிடித்த தலை, கிழிந்த உடை, ரயில் மேம்பாலத்துக்கு அடியில் குந்தியிருக்கும் ஒரு பெண். மேலே "முன்பு" என்று போட்டிருந்தது. விளக்கு எரிந்தது. "இப்போது" என்று அறிவித்தபடி அந்தப் பெண்ணையே மேடைக்குக் கூட்டிவந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கலாம். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துவிட்டிருந்தார்கள். அரங்கமே எழுந்து கை தட்டியது.

தொகுப்பாளர் மைக்கை அந்தப் பெண்ணின் வாய்க்கருகே நீட்டி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண் மராத்தியில், "நான் போகலாமா?" என்று கேட்டாள். அதற்கும் கை தட்டினார்கள். என் பின்வரிசையில் ஓர் அம்மாள், "பார்த்தால் தெரியவே இல்லை, இல்லையா?" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் இனிமேல் அந்த அரங்கத்தில் இருந்த ஆயிரம் பேருக்கும் அது தெரியுமே! நாளைக்கு அவளுக்கு ஒரு வேலை, ஒரு வரன், வாடகைக்கு ஓர் அறை என்று வரும்போது அந்த ஆயிரம் பேரில் ஒருவர் குறுக்கே வரமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் பத்திரிகை முதலியவற்றுக்குத் தரக் கூடாது என்கிறது. சம்மதம் வாங்கித்தான் மேடை ஏற்றுகிறோம் என்பார்கள். இருக்கலாம். தங்க இடம், சாப்பாடு, மாத்திரை மூன்றையும் தருகிறவர் வந்து "மேடைக்கு வருகிறாயா அம்மா?" என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? நாற்பது வருஷம் மேலதிகாரியிடம் லீவு கேட்டுப் பழகியவன் நான். கொடுக்கிற கைக்கு எதிரே நின்று "இல்லை" என்று சொல்வதன் கஷ்டம் எனக்குத் தெரியும்.

தானாக விரும்பிப் பேசுகிறவர் விஷயம் வேறு. நடிகை தீபிகா படுகோனே 2015-இல் தமக்கு மனச்சோர்வு வந்ததைத் தாமே வெளியில் சொன்னார். எத்தனையோ பேருக்கு அது தைரியம் கொடுத்தது. எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. மேம்பாலத்துக்கு அடியில் எடுத்த அந்தப் படத்துக்கு யார் சம்மதம் கொடுத்திருக்க முடியும்?

நம் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு ஏதோ ஒருவகை மனநலக் குறை இருக்கிறது. அவர்களில் வைத்தியம் கிடைக்காதவர்கள் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம். நம் சங்கத்தில் முந்நூறு குடும்பங்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது எதிர்வீட்டு நண்பரின் தம்பி "ஊரில் நிலபுலனைப் பார்த்துக்கொள்கிறான்" என்றே பதினோரு வருஷம் கேட்டு வந்தோம். அவன் பின்னறையிலேயே இருந்தான் என்பது அவன் செத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்போம், வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு குடும்பம் நம் பொங்கல் நிகழ்ச்சிக்கு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து "முன்பு", "இப்போது" பார்த்தால் என்ன செய்யும்? வீட்டுக்குப் போய் அந்த அறைக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடும்.

சரி, பணத்துக்கு வருவோம். இரண்டு வருஷம் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாம் நடத்திய ஒரு நிதி நிகழ்ச்சியில் வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 68 ரூபாய் செலவு. அரங்க வாடகை, ஒலிபெருக்கி, பாடகர்களுக்கு விமான டிக்கெட், ஓட்டல், விருந்து, விழா மலர் அச்சுக்கூலி. மீதி 32 ரூபாயைத்தான் அட்டைக் காசோலையில் எழுதினோம். அந்த அட்டைக்கே 1,800 ரூபாய் ஆயிற்று. பாட்டு நன்றாக இருந்தது, ஜனங்கள் சந்தோஷமாகப் போனார்கள், அதை மறுக்கவில்லை. அதைப் பாட்டுக் கச்சேரி என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

அந்த 32 ரூபாயும் எதற்குப் போகிறது என்று பாருங்கள். கட்டடம் என்றால் கொடுக்க ஆள் வரும், வாசலில் பெயர் வெட்டலாம். ஆம்புலன்ஸ் என்றால் வரும், இரண்டு பக்கமும் பெயர் எழுதலாம். ரயில்வேயிலும் இதே கதைதான். புதுப் பாலம் திறந்தால் மந்திரி வருவார், கொடி அசைப்பார், கல்வெட்டு வைப்பார்கள். அதற்கப்புறம் ஐம்பது வருஷம் சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு தினம் தன் பீட் முழுக்க நடந்து, கழன்ற கிளிப்பைத் தட்டி ஏற்றும் கீமேனுக்குக் கல்வெட்டு ஏது? அவர் ஒரு நாள் போகாமல் இருந்து ஏதாவது ஆனால்தான் அவர் பெயர் ஃபைலில் ஏறும். கர்ஜத் - லோணாவளா மலைப்பாதையில் மழைக்காலம் பூராவும் ராத்திரி முழுக்க விளக்கோடு காவல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் தூங்குகிறவர்களுக்கு அவர்கள் இருப்பதே தெரியாது.

மனச்சிதைவு போன்ற நோய்கள் பராமரிப்பு வேலை கேட்பவை. பலருக்கு வருஷக்கணக்கில் மாத்திரை வேண்டும். சில மருந்துகளுக்கு ரத்தப் பரிசோதனையும் தவறாமல் செய்தாக வேண்டும். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால், பலருக்கு நோய் திரும்பி வருகிறது, மறுபடியும் பிளாட்பாரம். அசாமுக்கோ பீகாருக்கோ ஒருவரைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டுமென்றால் கூடப் போகிறவருக்கு டிக்கெட், வழிச் சாப்பாடு, திரும்பி வரச் செலவு. அந்த டிக்கெட்டில் நம் பெயரை அச்சடிக்க முடியாது. அதனால்தான் அதற்கு ஸ்பான்சர் கிடைப்பதில்லை. நூறு குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். அரங்க வாடகை கிடையாது. கடந்த எந்த மெல்லிசை நிகழ்ச்சியிலும் நாம் இவ்வளவு மிச்சம் பிடித்ததில்லை.

பாராட்டே வேண்டாமா என்றால், வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961 முதல் 1978 வரை வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்காமல் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தபோது, சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம். நம் மேடைக்கு அந்த இல்லத்தின் சமையற்காரரைக் கூப்பிடுங்கள். நோயாளியோடு இரண்டு நாள் ரயிலில் போய் வரும் உதவியாளரைக் கூப்பிடுங்கள். குணமடைந்த ஒருவருக்கு, விஷயம் தெரிந்தே வேலை கொடுத்து, மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி லீவும் கொடுக்கும் கடைக்காரர் இருந்தால் (அந்தத் தொழிலாளி யார் என்று சொல்லாமல்) அவருக்குப் போர்த்துங்கள் பொன்னாடையை. விழா மலரின் பின்னட்டையில் நகைக்கடை விளம்பரத்துக்குப் பதில் 14416 என்ற எண்ணைப் போடுங்கள். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

ஓவியர்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள் என்றேன். நம்மிடம் என்ன இருக்கிறது?

1994-இல் ஒரு ராத்திரி, கல்யாண் ஸ்டேஷன் பிளாட்பாரக் கோடியில் ஒரு பெண்மணி. ஐம்பது வயசு இருக்கும். கையில் ஒரு துணிமூட்டை. போலீஸ்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "சாப், உங்க பாஷைதான் போலிருக்கு, என்னன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். "மானாமதுரை வண்டி எப்ப வரும் தம்பி?" என்றார். "இங்கேயிருந்து நேரே வண்டி கிடையாதும்மா" என்றேன். "பரவாயில்லை தம்பி, நான் காத்திருக்கேன்" என்றார். பெயரைக் கேட்டால் சிரித்தார். டீயும் வடாபாவும் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு இரவு லைன் பிளாக் இருந்தது, ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். போய்விட்டேன். விடிகாலை திரும்பி வந்தபோது ஆள் இல்லை. எந்த வண்டியில் ஏறினாரோ, யாருக்கும் தெரியவில்லை.

ஊர் பெயர் கிடைத்திருந்தது. ரயில்வே டெலிபோன் என் மேஜையில் இருந்தது. இரண்டு எக்ஸ்சேஞ்ச் தாண்டினால் மதுரை டிவிஷன். மானாமதுரை ஸ்டேஷன் மாஸ்டரிடம், உங்கள் ஊரில் இப்படி ஒரு அம்மாளைக் காணோம் என்று யாராவது தேடுகிறார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். காலையில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

வடக்கே வந்து சேரும் இப்படிப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. ஆஸ்பத்திரியிலும் இல்லத்திலும் டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, ஆனால் "உங்க ஊர்ல என்ன கோயில்? எந்த பஸ் போகும்? மாமன் வீடு எங்கே?" என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்து ஊரைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். மதுரைத் தமிழையும் நாஞ்சில் தமிழையும் கேட்டமாத்திரத்தில் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் நம் சங்கத்தில் குறைந்தது ஐம்பது பேர் இருக்கிறோம், பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள்.

அதனால் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: பாட்டு நிகழ்ச்சி நடக்கட்டும், அந்த நாலு பேரை மேடைக்கு அழைக்கும் பகுதியை மட்டும் அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சந்தாவுக்கு ஒன்று, தமிழ் பேசப் போகிறவர்களுக்கு ஒன்று என இரண்டு நோட்டுப் புத்தகங்களைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பெயரும் தொலைபேசி எண்ணும், எந்த ஊர்ப்பக்கம் என்பதும் எழுதினால் போதும். இரண்டிலும் முதல் பெயர் என்னுடையது. கல்யாணிலிருந்து கர்ஜத்துக்கு லோக்கலில் சுமார் ஒரு மணி நேரம்தான்.