ஒளியால் உந்தும் ராக்கெட் யாருக்கு?

பசுவந்தனை, கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலாளிக்கு ராக்கெட்டின் சூட்சுமத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சி முனையில் முக்கும் மருந்தில் குளோரேட் இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே தருகிறது. ராக்கெட்டும் அப்படித்தான்: எரிபொருளையும் பிராணவாயுவையும் தானே சுமந்து கிளம்புகிறது. அதன் எடையில் பெரும்பகுதி இதற்கே போய்விடுகிறது.

அடுப்பைத் தரையில் வைத்துவிட்டுப் பானையை மட்டும் மேலே அனுப்பினால்? தரையிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி ராக்கெட்டிலுள்ள ஹைட்ரஜனைக் கடுமையாகச் சூடாக்கினால், அது பீறிட்டு வெளியேறி ராக்கெட்டை உந்தும். பிராணவாயு வேண்டாம். ஹைட்ரஜன் மிக லேசான வாயு. அதனால் இன்றைய ராக்கெட்டுகளின் புகையைவிட வேகமாகப் பாயும்.

1972ல் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் லேசர் உந்துதலை முன்வைத்தார். லேசருக்கு அடிப்படையான ஆராய்ச்சிக்காக 1964ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் பாசோவும் புரோகோரோவும் சோவியத் விஞ்ஞானிகள். அதே 1964ல் கார்பன் டையாக்ஸைடு லேசரைக் கண்டவர் குமார் பட்டேல், மராட்டியத்துப் பாராமதியில் பிறந்தவர். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? 1980களில் ரீகனின் நட்சத்திர யுத்தத் திட்டத்திலிருந்து! 2000 அக்டோபரில் நியூமெக்சிகோவில் ராணுவ ஏவுகணைத் திடலில் லேசரால் உந்தப்பட்ட சின்னஞ்சிறு கலம் ஒன்று 71 மீட்டர் எழும்பியது. நம் கோயில் கோபுரங்கள் சிலவற்றின் உயரம்தான்.

மேலே போக என்ன தடை? மின்சாரம். சுற்றுப்பாதைக்கு அனுப்பும் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு மெகாவாட் ஒளி வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் தோராயக் கணக்கு. நம் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் சுமப்பது 500 கிலோ. லேசரில் பாதி மின்சாரம் வீணாகும் என்று வைத்தால், 1050 மெகாவாட் திறனில் அமைந்த தூத்துக்குடி அனல்மின் நிலையம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்கு இதற்கே ஓடவேண்டும்.

கரிசலில் மழை பொய்த்து உளுந்தும் பருத்தியும் கருகும்போது இந்த ஆராய்ச்சி ஏன் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம், முடிவு தவறு. புயலை முன்கூட்டிக் காட்டுவதும் வறட்சியை அளப்பதும் செயற்கைக்கோள்தான். நம் சண்டை விஞ்ஞானத்தோடு அல்ல, அதைக் கைப்பற்றத் துடிக்கும் முதலாளிகளோடு.

2024 பிப்ரவரி 28ல் நமது மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே மாதம் ராக்கெட், ஏவுதளத் துறைகளில் அந்நிய மூலதனம் 49 சதம் வரை முன் அனுமதியின்றி நுழைய மத்திய சர்க்கார் கதவைத் திறந்தது! 2025ல் எஸ்.எஸ்.எல்.வி. தொழில்நுட்பத்தைப் பெறும் ஏலத்தில் ஜெயித்தது பொதுத்துறையான எச்.ஏ.எல். அந்த மட்டில் நல்லது. ஆனால் அது ஏலம். அடுத்த முறை ஜெயிப்பது யாரோ!

லேசர் உந்துதல் ஆராய்ச்சி நடக்கட்டும். மகேந்திரகிரியில், பொதுப்பணத்தில், பொதுச்சொத்தாக நடக்கட்டும். ஏவுதளத்துக்கு நிலம் விட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே நிரந்தர வேலை வேண்டும், காண்டிராக்ட் கூலி அல்ல. இதை விவசாய சங்கமும் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கமும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.