வரிசையில் நிற்பவனுக்கு வரிசையைக் காட்டுங்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே குளத்து நீரை நம்பிக் கமஞ்செய்யும் எவரும் ஒரு முறையை அறிவர். போகம் தொடங்குமுன் கூட்டம் கூடும். துருசு எந்நாளில் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர், யார் முந்தி, யார் பிந்தி என்பனவெல்லாம் எல்லோர் முன்னிலையிலும் தீர்மானமாகும். கடைவாய்க்காலில் வயலுள்ளவனுக்கு நீர் பிந்தி வரலாம், வராமலும் போகலாம். ஆயினும் தன் முறை எதுவென்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தபடியால், விதைப்பதா விடுவதா என்று அவன் முடிவு செய்துகொள்கிறான்.

அதே கமக்காரனின் மகள் வைத்திய பீடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே நிற்கும்போது இந்தச் சிறு நீதி அவளுக்குக் கிட்டுவதில்லை. அண்மையில் ஒரு தகப்பனார் கையிலே பெறுபேற்றுத் தாளுடன் எம்மிடம் வந்தார். நிவாரணம் எதுவும் அவர் கேட்கவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஐயா, என்ரை பிள்ளைக்கு முன்னாலை எத்தினை பேர் நிக்கினம்?” இருபதாண்டுகள் சட்டம் பயின்ற எம்மால் அதற்கு விடை கூற முடியவில்லை.

விடயத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முதற்பட்டியலை வெளியிட்டதும், தெரிவானோர் அனைவரும் பதிவு செய்வதில்லை. சிலர் வெளிநாடு செல்கின்றனர். சிலர் வேறு துறையை நாடுகின்றனர். அவர்கள் விட்ட வெற்றிடங்கள் பின்னர் வரிசையில் நிற்போரைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. இசட் புள்ளி நான்காவது தசமத்தானம் வரை கணிக்கப்படுவதால், மேலே ஓரிருவர் விலகினாலே கீழே ஒருவரின் வாழ்வு மாறிவிடும். அந்த மாற்றம் வருமா என்று அறியாமலே அம்மாணவி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கிடைத்த வேறு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், மறுமுறை பரீட்சை எழுதி வேறோராண்டில் அனுமதி கோரும் வழி அடைபட்டுவிடும். பதிவு செய்யாது விட்டாலோ, உள்ளதும் போய்விடும். பரீட்சைக்குத் தோற்றத் தரப்படுவது மூன்றே தடவைகள். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், கண்ணைக் கட்டிவிட்டுப் பாதையைத் தெரிவு செய் என்கிறோம்.

சாதாரண ஆண்டிலேயே இந்நிலை. வழமை குலைந்த ஆண்டிலே என்ன நேரும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அவ்வாண்டு ஓகஸ்டிலே புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியோரும், பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியோரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினர். டிசெம்பரில் பெறுபேறு வந்தபோது மாவட்ட நிலைகளிலும் அகில இலங்கை நிலைகளிலும் பிழைகள் மலிந்திருந்தன. அதனினும் பெரிய பிழை கணிப்பிலே இருந்தது. இசட் புள்ளி என்பது ஒரு மாணவன் தன்னோடு அதே வினாத்தாளை எழுதியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதைக் காட்டும் அளவை. ஒரு வினாத்தாளின் சராசரி 40, நியம விலகல் 15 என்று கொள்வோம். அதில் 70 பெற்றவனின் இசட் புள்ளி 2. வேறொரு வினாத்தாளின் சராசரி 50, விலகல் அதே 15 ஆயின், அங்கே 70 பெற்றவனுக்கு 1.3333 மாத்திரமே. இரு தாள்களையும் எழுதிய இரு கூட்டத்தாரை ஒன்றாகச் சேர்த்து அளந்தால், கடினமான தாளை எழுதிய கூட்டம் முழுவதும் தான் செய்யாத குற்றத்துக்காகக் கீழே தள்ளப்படும். நெல்லுக்கும் குரக்கனுக்கும் ஒரே விளைச்சற் சராசரி எடுத்துக் கமக்காரனைக் குறைகூறுவது போன்றது இது.

மாணவர்கள் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றத்தை நாடினர். 2012 ஜூனிலே நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளுபடி செய்து, இரு பாடத்திட்டத்தாருக்கும் வெவ்வேறாகக் கணிக்கும்படி கட்டளையிட்டது. நீதி கிடைத்ததென்பது உண்மையே. ஆனால் அதற்குள் பத்து மாதங்கள் கழிந்துவிட்டன. ஜூலை முதல் ஒக்டோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம். நடுவே ஓகஸ்டில் அடுத்த உயர்தரப் பரீட்சை. முந்திய ஆண்டின் பெறுபேற்றினால் தமக்கு இடமுண்டா இல்லையா என்று அறியாமலே எத்தனையோ பிள்ளைகள் மீண்டும் பரீட்சை மண்டபத்திலே போய் அமர்ந்தனர்.

பழைய பாடத்திட்டத்தில் மூன்றாம் முறையாகத் தோற்றியவர்களை நாம் சிறப்பாக நினைக்கிறோம். அவர்கள் முதன்முறை எழுதிய ஆண்டு 2009. வன்னிப் பிள்ளைகளாயின், முள்வேலி முகாமுக்குள் இருந்து அப்பரீட்சைக்குத் தோற்றியவர்கள். புத்தகமும் கொப்பியும் போரிலே இழந்து, மூன்றாவது தடவையாவது கரையேறுவோம் என்று வந்தவர்களுக்குக் கணிதப் பிழை ஒன்று காத்திருந்தது.

அவ்வாண்டின் குழப்பத்தைத் தீர்க்க அரசு செய்தது அனுமதித் தொகையைக் கூட்டியதே. 2010/2011 கல்வியாண்டில் ஏறத்தாழ 22,000 ஆக இருந்த மொத்த அனுமதி, 2011/2012இல் 28,000ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு மீண்டும் 24,000 அளவுக்கு இறங்கியது. கலைப்பீடத்தில் கதிரைகளைக் கூட்டிப் போடலாம். வைத்திய பீடத்தில் அது எளிதன்று. போதனா வைத்தியசாலையின் கட்டில்கள், ஆய்வுகூடங்கள், இறுதியில் உள்ளகப் பயிற்சி நியமனங்கள் யாவும் அளவுக்குட்பட்டவை. ஆகவே வைத்தியத் துறையில் ஒவ்வோர் இடமும், அதனினும் மேலாக ஒவ்வொரு வெற்றிடமும், பொன்னுக்குச் சமம்.

இவ்விடயத்திலே தமிழினம் கொள்ளும் ஐயம் வீணானதல்ல. 1970-71 அனுமதியின்போது வைத்திய பீடத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவன் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 போதுமாயிற்று. அந்த 21 புள்ளிகள் ஒரு தலைமுறையின் நம்பிக்கையை முறித்தன. அதன் விளைவை இந்நாடு முழுவதும் அனுபவித்தது. எனினும் நேர்மையாகப் பேசுவோம். பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை யாழ்ப்பாணத்தார் வெறுத்தனர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவுப் பிள்ளைகள் அதனாலேயே வைத்தியராயினர். இன்று 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்ற பங்கீட்டை ஒரே மூச்சில் ஏசுவதும் போற்றுவதும் எமக்கு உடன்பாடன்று. பங்கீடு எதுவாயினும், அதன் கணக்கு வெளிச்சத்தில் இருக்கவேண்டும். 2011ஆம் ஆண்டுப் பிழையால் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருங்கே வருந்தினர் என்பதையும் மறைக்கமாட்டோம்.

2011 ஒரு விதிவிலக்கு என்று சொல்லித் தப்ப இனி இடமில்லை. கொரோனாவினால் 2020ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபருக்குப் பின்போடப்பட்டது. 2021க்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஜனவரியிலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் நடந்தன. 2024 நவம்பரில் தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் இடைநின்றது. பரீட்சை பிந்தினால் பெறுபேறு பிந்தும். பெறுபேறு பிந்தினால் பதிவு பிந்தும். வெற்றிடம் நிரப்புங் காலம் அடுத்த பரீட்சையின் தலைமேல் வந்து விழும். வழமை குலைந்த ஆண்டே வழமையாகிவிட்ட நாட்டில், காத்திருப்போருக்கென ஒரு திட்டமான விதி எழுதப்படவேண்டும்.

நாம் கேட்பது இதுவே. பதிவு முடிந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், ஒவ்வொரு வைத்திய பீடத்திலும் எத்தனை வெற்றிடம், அவற்றுள் திறமை ஒதுக்கீட்டில் எத்தனை, எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்பவற்றை ஆணைக்குழு மும்மொழியிலும் வெளியிடவேண்டும். காத்திருக்கும் மாணவருக்குத் தம் மாவட்ட வரிசையில் எத்தனையாவது இடம் என்பதைப் பெயர் சுட்டாது சுட்டெண்ணைக் கொண்டு அறிவிக்கவேண்டும். நிரப்புதல் முடியும் இறுதி நாள் அடுத்த பரீட்சை விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு முந்தியதாக இருக்கவேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. புதிய கட்டிடமும் வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் ஆணைக்குழுவுக்கு வழங்கியுள்ள அதிகாரமே போதும்.

அதுவரை பெற்றோர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்படவேண்டும் என்பது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. ஊர்ப் பெரியவரைக் கண்டு, அரசியல்வாதியைக் கண்டு, கடிதம் வாங்கித் திரிவதிலே அந்த மாதம் கழிந்துவிடுகிறது. எம்மிடம் வருவோருள் அரைவாசிப் பேர் காலங் கடந்தே வருகின்றனர். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்தக் கணக்கிற் சேராது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் தமிழிலேயே விண்ணப்பித்து வெற்றிட விபரத்தைக் கோரலாம்; தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைக் கூறவேண்டும். அத்தகப்பனாரின் விண்ணப்பத்தை எழுதி, அவரது கையொப்பத்துடன் சென்ற திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினோம். விடை வந்ததும் இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.