எட்டுச் சக்கரமும் ஒரே அளவில் இருக்கட்டும்

இன்லைன் ஹாக்கி ஆடப் போகும் பையனுக்கு ஸ்கேட் வாங்க வரும் அப்பாவிடம் கடைக்காரர் என்ன சொல்வார் தெரியுமா? "இது ஹை-லோ ஃப்ரேமுங்கண்ணா, புரொஃபஷனல் மாடல்." அப்பாவுக்கு ஹை-லோ என்றால் என்னவென்று தெரியாது. கேட்டால் பையன் முன்னால் மானம் போய்விடுமே என்று தலையாட்டிவிடுவார். புரொஃபஷனல் என்ற சொல்லுக்குக் கோயமுத்தூரில் அப்படி ஒரு மயக்கம். மிக்ஸி வாங்கினாலும் சரி, கிரிக்கெட் பேட் வாங்கினாலும் சரி.

சரி, மேட்டருக்கு வருவோம். ஸ்கேட்டின் அடியில் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகச் சட்டம்தான் ஃப்ரேம். நான்கு சக்கரமும் ஒரே அளவில் இருந்தால் அது சாதா ஃப்ரேம். பெரியவர்கள் காலுக்குப் பெரும்பாலும் 80 மி.மீ. சக்கரம். முன்னால் இரண்டு மட்டும் சின்னதாக, 76 அல்லது 72 மி.மீ. ஆகவும், பின்னால் இரண்டு 80 ஆகவும் இருந்தால் அதுதான் ஹை-லோ. சின்னச் சக்கரத்தின் அச்சுத் துளையைக் கொஞ்சம் கீழே போட்டிருப்பார்கள். அதனால் நான்கும் தரையைத் தொடும். முன்பக்கம் 76 போட்டால் பூட்டின் நுனி 4 மி.மீ. வரை கீழே இறங்கலாம். ஆடுகிறவன் தானாகவே முன்னால் குனிந்து நிற்பான், சட்டென்று திரும்புவான். ஐஸ் ஹாக்கி ஆடுகிற உணர்வு வரும் என்பார்கள்.

இதில் எதுவும் பொய் இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக் ஓடு பதித்த உள்ளரங்கத்தில் ஆடுகிறவன் காலுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் உக்கடத்திலிருந்து ஸ்டிக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு டவுன் பஸ் ஏறுகிற பையனுக்கு இது தேவையா? தேவையில்லை என்றுகூட அல்ல, கெடுதல் என்பதுதான் இங்கே வாதம்.

முதலில் தரையைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலத்தைத் திறந்துவிட்டார்கள். மேலே கார்களுக்கு வழவழவென்று ரோடு கிடைத்தது. ஸ்கேட் கட்டிய காலுக்குக் கிடைப்பது என்னவோ பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளம், கல்யாண மண்டபத்துப் பார்க்கிங், பேவர் பிளாக் பதித்த நடைபாதை. சிமெண்ட் பெயர்ந்து மணல் தெரியும், நடுவில் வெடிப்பு ஓடும். இந்தத் தரையில் பக்கே சரியாக வழுக்காது, பந்தை வைத்துத்தான் ஆட வேண்டியிருக்கிறது. இங்கே போய் நுனி 4 மி.மீ. இறங்கியதன் நுட்பத்தை எந்தக் கால் கண்டுபிடிக்கும்?

இந்தத் தரை செய்கிற ஒரே வேலை சக்கரத்தைத் தின்பது. ஹாக்கியில் நேராக ஓடுவது குறைவு; தள்ளுவது, வெட்டித் திரும்புவது, குறுக்கே தேய்த்து நிற்பது, இவைதான் அதிகம். அதனால் சக்கரத்தின் உள்விளிம்பு முதலில் கரையும், கொஞ்ச நாளில் பம்பரம் மாதிரி சரிந்துவிடும். இதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இடம் மாற்றுவது. ஒன்றாம் சக்கரம் மூன்றாம் இடத்துக்கு, இரண்டாவது நான்காம் இடத்துக்கு, இடக்கால் சக்கரம் வலக்காலுக்கு, உள்பக்கம் வெளிப்பக்கமாக. ஒழுங்காக மாற்றினால் எட்டும் சேர்ந்து தேயும். 80 எல்லாமே 77 ஆனாலும் ஃப்ரேம் சமமாகவே நிற்கும், ஆட்டம் தடைபடாது.

ஹை-லோவில் இந்த வைத்தியம் பாதிதான் பலிக்கும். முன்னால் உள்ள நான்கும் தங்களுக்குள் மாறலாம், பின்னால் உள்ள நான்கும் தங்களுக்குள் மாறலாம். அவ்வளவுதான். கூட்டுக் குடும்பத்தில் நடுவே சுவர் வைத்த மாதிரி! முன் சக்கரங்கள் தேய்ந்து போனால் பின்னால் உயிரோடு இருப்பவை உதவிக்கு வராது.

"தேய்ந்த 80-ஐ முன்னால் 76-க்குப் பதிலாகப் போடலாமே?" என்று ஹை-லோ கட்சிக்காரர்கள் கேட்பார்கள். போடலாம். நான்கும் ஒரே சீராகத் தேய்ந்து, உருண்டை கெடாமல், மிகச் சரியாக 76-ல் வந்து நின்றால் போடலாம். நம்ம ஊர் சிமெண்டில் அப்படித் தேய்ந்த சக்கரத்தைக் கண்ணில் கண்டவர் இருந்தால் கையைத் தூக்கட்டும் :-)

அடுத்த வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஹை-லோவில் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையிலான நீளம் குறையும், அதனால் வளைவது எளிது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாமே. நான்கு 80 மி.மீ. சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு வரை 240 மி.மீ. முன்னால் இரண்டு 76 போட்டால் 76, 78, 80 கூட்டி 234. மிச்சம் 6 மி.மீ., ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. முன்னால் 72 போட்டால் 228. சரி, நான்கும் 76 என்றால் எவ்வளவு? 76-ஐ மூன்றால் பெருக்குங்கள். அதே 228! குட்டை ஃப்ரேம்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒரே அளவிலும் வழி இருக்கிறது. உண்மையான ஃப்ரேமில் சக்கரங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விடுவார்கள், அது எல்லாவற்றுக்கும் பொதுதான்.

இதே கணக்கு சின்னப் பிள்ளைகள் விஷயத்திலும் உதவும். சின்ன பூட்டுக்கு அடியில் 240 மி.மீ. அடங்காது. அங்கே நான்கும் 76, இன்னும் குட்டிக் கால் என்றால் நான்கும் 72. "வளர்ற பையன்தானே" என்று இரண்டு சைஸ் பெரிய பூட்டையும் நீள ஃப்ரேமையும் வாங்கிக் கொடுத்து, உள்ளே பஞ்சு அடைத்து அனுப்புகிற அப்பா அம்மாக்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். பள்ளிச் சட்டைக்கு அது சரி, ஸ்கேட்டுக்குக் கணுக்கால் போய்விடும்.

இப்போது பணம். பூட்டும் ஃப்ரேமும் ஒரு முறை செலவு. அண்ணன் போட்டதைத் தம்பி போடலாம், பழையதாகவும் வாங்கலாம். சக்கரம் அப்படியா? தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிற செலவு. முதலீட்டுச் செலவு ஒன்று, ஓட்டச் செலவு ஒன்று என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கடையில் மட்டும் பேச்சு எப்போதும் முதலாவதைப் பற்றியே. வீட்டில் "ஆடுனது போதும், படிக்கற வேலையப் பாரு" என்று சத்தம் கிளம்புவது பூட் வாங்குகிற அன்றைக்கு அல்ல, இரண்டாவது செட் சக்கரம் கேட்கிற அன்றைக்கு.

ஹை-லோ வைத்திருப்பவன் இரண்டு அளவில் உதிரி வைத்திருக்க வேண்டும். கடைக்காரரும் இரண்டு அளவில் சரக்கு வைக்க வேண்டும். 80 இருக்கும், 76 "அடுத்த வாரம் வருங்கண்ணா". அந்த அடுத்த வாரத்தில்தான் செலக்ஷன் இருக்கும்.

பத்துப் பேர் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று வையுங்கள். எல்லோரும் ஒரே அளவு ஓட்டினால் ஒரு பழைய பெயிண்ட் டப்பா போதும். மிச்ச சக்கரத்தை எல்லாம் அதில் போட்டுவைக்கலாம். ஒருவனுக்கு மேட்ச் அன்றைக்கு ஒரு சக்கரம் பிய்ந்தால் டப்பாவில் கைவிட்டு எடுத்துக்கொள்வான். வசதியான வீட்டுப் பையன் பாதி தேய்ந்ததும் கழற்றிப் போட்டது, வசதி இல்லாதவன் காலில் இன்னும் இரண்டு மாதம் ஓடும். ஐந்து பேர் 76-80, மூன்று பேர் 72-80, இரண்டு பேர் எல்லாம் 80 என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தால் அந்த டப்பாவில் மூன்று அளவு சக்கரம் கிடக்கும், வேண்டிய அளவு மட்டும் இருக்காது. டீமுக்கு ஒரே அளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் மாஸ்டர். பெரும்பாலான மாஸ்டர்கள் ஜெர்சி கலருக்கு மீட்டிங் போடுகிறார்கள், சக்கர அளவைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டால், "அவங்கவங்க விருப்பம்" என்கிறார்கள். அவரவர் விருப்பம் என்றால் அவரவர் பர்ஸ் என்று அர்த்தம்.

அளவுக்கு அப்புறம் கெட்டித்தன்மை. சக்கரத்தின் பக்கவாட்டில் 76ஏ, 84ஏ என்று போட்டிருக்கும். ஷோர் என்கிற அளவை அது. எண் ஏற ஏறக் கெட்டி. 74ஏ, 76ஏ எல்லாம் உள்ளரங்கத்து வழவழப்பான தரைக்கு. சொரசொரப்பான சிமெண்டுக்கு 82ஏ, 84ஏ, 85ஏ. உள்ளரங்கச் சக்கரத்தைக் கூடைப்பந்துத் தளத்தில் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி கரையும், சில சமயம் துண்டு துண்டாகப் பிய்யும். கெட்டிச் சக்கரத்தை உள்ளரங்கத்தில் போட்டால் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். இதற்கு வெளிநாட்டு வீடியோ பார்த்துத்தான் தெளிய வேண்டுமா என்ன? கோயமுத்தூரில் ஏதாவது ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற மாமாவைக் கேட்டாலே போதும். ரிங் ஃப்ரேமில் மேல் ரோலருக்கு மாட்டுகிற ரப்பர் காட்ஸையும் இதே ஷோர் ஏ கணக்கில்தான் வாங்குகிறார்கள். மெத்தென்ற காட்ஸ் நாரை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியானது நாள்பட உழைக்கும். தேய்ந்ததும் பஃபிங் மெஷினில் கொடுத்து, ஒரு வரிசையில் வருவதை எல்லாம் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். வரிசையில் ஒன்று கூட ஒன்று குறைய இருந்தால் நூல் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த ஊரில் ஸ்கேட் சக்கரத்தைக் கலர் பார்த்து வாங்குகிறார்கள்!

பேரிங் பற்றி ஒரு பாரா போதும், அதற்கு மேல் அதற்கு மரியாதை வேண்டாம். ஏபெக் 7, ஏபெக் 9 என்று எண்ணைக் காட்டிப் பணம் பிடுங்குகிறார்கள். 80 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 25 செ.மீ. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பறந்தால்கூட நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று. நம்ம ஊர் மோனோபிளாக் பம்ப் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று வீதம் நாள் முழுக்கத் தோட்டத்தில் ஓடுகிறது, அதற்கு யார் ஏபெக் 9 கேட்டார்கள்? ஸ்கேட்டில் இருப்பது 608 என்ற சாதாரண அளவு, 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவட்டம், 7 மி.மீ. தடிமன். பேரிங் கடையில் நம்பர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இருபக்கமும் மூடியதாகப் பார்த்து வாங்கினால் சரி, எதிரி தூசியும் தண்ணீரும்தான்.

இன்னொரு கூட்டம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வாங்கினாலும் வாங்கினார், ஹாக்கி பழகுகிற பையனும் பெரிய சக்கரம் வேண்டும் என்கிறான். தம்பி, அது வேறு ஆட்டம். 110, 125 மி.மீ. சக்கரம் நீட்டி ஓடுவதற்கு. மூன்றடிக்குள் நின்று திரும்பிப் பந்தைப் பறிக்க வேண்டியவனுக்கு அது பொய்க்கால் கட்டிக்கொண்டு கபடி ஆடுகிற கதை. ஒன்று மட்டும் கவனித்துக்கொள், அந்த ஸ்கேட்டிலும் ஒரு ஃப்ரேமில் பெரும்பாலும் ஒரே அளவுதான்.

ஐஸ் ஹாக்கி உணர்வு வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1980-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற சகோதரர்கள் ஹாக்கி பூட்டில் வரிசைச் சக்கரம் மாட்டிப் பார்த்தார்கள். ரோலர்பிளேட் கம்பெனி பிறந்த கதை அது. ஐஸ் இல்லாத மாதங்களிலும் ஹாக்கிப் பயிற்சி நடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. இருக்கிற தரையில் ஆடுவதற்கென்றே வந்த சாமான் இது. அதை வாங்கிக் கட்டிக்கொண்டு, இல்லாத தரைக்கு ஃப்ரேம் தேடினால் எப்படி?

ஏற்கெனவே ஹை-லோ வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது என்று கேட்பவர்கள் பூட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஹாக்கி பூட்டில் ஃப்ரேமைப் பெரும்பாலும் ரிவெட் அடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள். ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, பூட்டின் நீளத்துக்கு ஏற்ற ஒரே அளவு ஃப்ரேமை, குதிகால் நடுவிலிருந்து நுனி வரை நூல் பிடித்து நேராக வைத்து மறுபடி ரிவெட் அடிக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஸ்கேட் ஒரு பக்கமாக இழுக்கும், அதனால் அவசரப்படாமல் செய்கிற ஆளிடம் கொடுக்க வேண்டும். லேத்தும் டிரில்லும் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிற ஊரில், அதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாதுங்க.